எழுதப்பட்டவர் எழுதியபோது



இலங்கையில் அடிமை முறை சட்டத்தினால் முற்றாக ஒழிக்கப்பட்ட ஆண்டு 1844. அவ்வாண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைச் செய்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1845இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒரு சிறிய நூல் அச்சேறியது. அதன் ஆசிரியர் பிரெடரிக் டக்ளஸ். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் மேரிலாந்து மாநிலத்திலிருந்து தப்பி வந்த ஓர் அடிமை அவர். தன் வாழ்க்கையைத் தானே எழுதியதாக நூலின் முகப்பிலேயே அறிவித்திருந்தார். நூல் வெளிவந்த நாளிலும் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னொருவரின் உடைமையே. எசமானரின் பெயரையும் ஊரின் பெயரையும் மறைக்காமல் அச்சிட்டமையால் பிடித்துச் செல்லப்படும் ஆபத்து அவரை நெருங்கியது. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். 1846இல் அங்கிருந்த அன்பர்கள் பணம் திரட்டி அவருடைய விடுதலையை விலை கொடுத்து வாங்கினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வேறுபாடு புலப்படுகின்றது. அமெரிக்க அடிமைகள் விடுதலைச் சட்டத்துக்காக 1865 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அதற்கு முன்னரே அவர்களிடமிருந்து நூல்கள் பிறந்துவிட்டன. ஆபிரிக்கரான ஒலாடா இக்குவியானோ 1789இலேயே லண்டனில் தன் வரலாற்றை வெளியிட்டார். ஹரியற் ஜேக்கப்ஸ் என்ற பெண் 1861இல் தன் வரலாற்றை வெளியிட்டார். அடிமையின் தன்வரலாறு என்பது ஆங்கிலத்தில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. எமக்கோ சட்டம் முந்தி வந்தது, நூல் வரவில்லை. வட இலங்கையில் அடிமையாக வாழ்ந்த ஒருவர் தம் கையால் எழுதிய வரலாறு என்று எமது இலக்கிய வரலாற்று நூல்கள் எதனையும் காட்டுவதில்லை. அந்த இல்லாமையைப் பற்றியதே இன்றைய உரை.

மாணவி எழுப்பிய வினா

முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். தன்வரலாறு என்னும் இலக்கிய வகையை விளக்குவதற்காக, பாடத்திட்டத்துக்கு வெளியே, டக்ளஸின் நூலிலிருந்து சில பகுதிகளை எனக்கு இயன்ற தமிழில் எழுதி மாணவருக்கு வாசிக்கக் கொடுத்தேன். அவற்றில் ஒன்று அவருடைய தாயைப் பற்றியது. தாய் பன்னிரண்டு மைல் தொலைவில் வேறொருவரின் வயலில் வேலை செய்தாள். பகல் முழுவதும் உழைத்துவிட்டு இரவில் நடந்து வந்து பிள்ளையின் அருகில் படுப்பாள். அவன் விழிக்குமுன் போய்விடுவாள். தன் வாழ்நாளில் தாயை நான்கைந்து முறைக்கு மேல் கண்டதில்லை என்கிறார். அவருக்கு ஏறத்தாழ ஏழு வயதிருக்கையில் அவள் இறந்தாள். நோயிலும் இறப்பிலும் அடக்கத்திலும் அவர் அருகில் இருக்க விடப்படவில்லை. இன்னொரு பகுதி, அவருடைய சிற்றன்னையைக் கட்டித் தொங்கவிட்டு எசமானர் சவுக்கால் அடித்ததைச் சிறுவன் ஒளிந்திருந்து கண்டது. மூன்றாவது, எழுத்தறிந்த கதை.

வாசிப்பதற்கு எளிதான நூலன்று அது. சவுக்கடிப் பகுதியை உரத்து வாசிக்கத் தொடங்கிய மாணவன் நான்காவது வரியில் நிறுத்திவிட்டு, "வாசிக்கேலாமல் கிடக்கு சேர்" என்றான். இன்னொருவன், "உது அமெரிக்காவில நடந்த கதைதானே சேர். எங்களுக்கும் இதுக்கும் என்ன?" என்று கேட்டான். இரண்டும் நேர்மையான எதிர்வினைகளே. மூன்றாவதாக ஒரு மாணவி தன் அப்பியாசக் கொப்பியில் அரைப்பக்கம் எழுதித் தந்தாள். அடியைவிடத் தாய் இரவில் மட்டும் வந்துபோன செய்தியே தனக்குப் பெரிய துன்பமாகத் தெரிந்தது என்றும், அடி ஒரு நாளோடு முடியும், இது ஒவ்வொரு நாளும் நடந்தது என்றும் அவள் எழுதியிருந்தாள். இறுதியில் ஒரு வினா: "எங்கள் பக்கத்திலும் முந்தி அடிமைகள் இருந்தார்கள் என்று அம்மம்மா சொல்லுவா. அவர்கள் எழுதிய புத்தகம் எது சேர்?"

நேயர்களே, அவ்வினாவுக்கு விடை ஒரு சொல்லில் அடங்கும். ஆனால் ஏன் இல்லை என்று விளக்குவதற்கு எமது வரலாற்றில் மூன்று எழுத்தாவணங்களை எடுத்துப் பார்க்கவேண்டும். மூன்றிலும் அடிமை எழுதப்பட்டவராக இருக்கிறார், எழுதியவராக இல்லை.

ஆளோலை

முதலாவது எல்லோரும் அறிந்தது. பெரியபுராணத்திலே தடுத்தாட்கொண்ட புராணத்தை எமது மாணவர் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்கின்றனர். சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் முதிய அந்தணர் ஒருவர் வருகின்றார். மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கின்றார். சான்றாக ஓர் ஆளோலையைக் காட்டுகின்றார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழிக்கின்றார். கிழிக்கப்பட்டது படியோலை; மூலவோலை தம்மிடம் உள்ளது என்று முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வழக்கைக் கொண்டு செல்கின்றார். அவையத்தார் பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வழக்கு முதியவர் பக்கம் என்று தீர்ப்பளிக்கின்றனர்.

இக்கதையை இறைவன் அடியவரை ஆட்கொண்ட அருட்செயலாகவே நாம் படிக்கின்றோம், அது சரியே. ஆயினும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இக்காட்சியை அமைக்கும்போது, அவர் காலத்துச் சமூகம் நன்கறிந்த ஒரு சட்ட நடைமுறையையே கையாண்டிருக்கிறார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை பேரனைக் கட்டுப்படுத்தும். படி வேறு, மூலம் வேறு. கையெழுத்தை ஒப்புநோக்க ஆவணக் காப்பு உண்டு. இவையெல்லாம் கேட்போருக்கு விளங்கியிருந்தமையாலேயே கதை நிகழ்கின்றது. சுந்தரர் முதலில் எழுப்பும் மறுப்பும் கவனிக்கத்தக்கது. அந்தணர் ஒருவர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாவது எங்குமில்லை என்றே அவர் வாதிடுகின்றார். மனிதன் மனிதனுக்கு அடிமையாவது இல்லை என்று அவரும் சொல்லவில்லை, அவையும் சொல்லவில்லை.

கல்வெட்டுகள் இதனை உறுதிசெய்கின்றன. சோழநாட்டுத் திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது வேளாளர் ஒருவரும் அவருடைய இரு பெண்மக்களும் 110 காசுக்குத் தம்மையே கோயிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டனர். பசி வந்தபோது குலம் காக்கவில்லை என்பதற்கு இக்கல்வெட்டு சான்று. அந்தப் பெண்மக்கள் அதன்பின் எப்படி வாழ்ந்தனர் என்பதைக் கல் சொல்வதில்லை. விலை தெரிகின்றது; ஆண்டு தெரிகின்றது; அவ்வளவே.

பக்தி இலக்கியம் அடிமை என்ற சொல்லைத் தலைகீழாகத் திருப்பியது. இறைவனுக்கு ஆட்பட்டவன் வேறெவருக்கும் ஆட்படான் என்பது நாவுக்கரசர் பெருமானின் நிலை. அச்சொல்லைப் பெருமைக்குரியதாக மாற்றியது எமது இலக்கியத்தின் பெரும் சாதனை எனலாம். ஆனால் அதனால் ஒரு விளைவும் ஏற்பட்டது. அடிமை என்றதும் எமது மனம் கோயிலை நினைக்கின்றது. வயலையும் கொல்லையையும் நினைப்பதில்லை. "அடியேன்" என்று மகிழ்ந்து பாடும் மாணவன், அதே சொல்லின் வேரிலிருந்து பிறந்த ஒரு சட்டம் தன் ஊரிலும் ஆட்சி செய்தது என்பதை அறியாமலே வளர்கின்றான்.

தேசவழமை

இரண்டாவது ஆவணம் அந்தச் சட்டமே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இந்நாட்டுத் தமிழரின் வழக்காறுகளைத் தொகுப்பிக்க விரும்பினர். ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனை எழுதி முடித்தது 1707ஆம் ஆண்டின் தொடக்கத்திலே. அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டு, அவர்களின் ஒப்புதல் பெறப்பட்டது. அதுவே தேசவழமை. சீதனம், முதுசம், தேடியதேட்டம் பற்றிய அதன் விதிகள் இன்றும் வடமாகாணத் தமிழரின் காணிக்கும் கலியாணத்துக்கும் பொருந்துகின்றன. முல்லைத்தீவிலே ஒரு காணி உறுதி முடிக்கும் நொத்தாரிசு இன்றும் அதனைப் புரட்டவேண்டியுள்ளது.

அதே தொகுப்பில் அடிமைகளுக்கென ஒரு பகுதி உண்டு. ஆண் அடிமை, பெண் அடிமை, அவர்களின் கடமை, எசமானரின் உரிமை ஆகியவை அங்கே வகுக்கப்பட்டுள்ளன. அடிமைகளாகக் கருதப்பட்ட நான்கு பிரிவினரைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. அப்பெயர்களை இந்த உரையிலே நான் அடுக்கப் போவதில்லை. வரலாற்றை மறைப்பதற்காக அன்று. அப்பெயர்களை வசையாகக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதற்காகவே.

அச்சட்டத்தின் ஒரு விதியை மட்டும் இங்கே நோக்குவோம். ஒருவருடைய அடிமை ஆண் வேறொருவருடைய அடிமைப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் தாயின் எசமானருக்கே உரியவர்கள். அடிமைத்தனம் கருப்பை வழியே இறங்கும் என்பதே இதன் பொருள். இவ்விதியைக் கண்டதும் டக்ளஸின் நூல் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் வேர்ஜீனியாக் குடியேற்றம் 1662இல் இதே விதியைச் சட்டமாக்கியிருந்தது; பிள்ளை தாயின் நிலையையே அடையும். டக்ளஸின் தந்தை ஒரு வெள்ளையர். எசமானரே தந்தை என்றும் ஊரிலே பேச்சிருந்தது. ஆயினும் தாய் அடிமையாகையால் மகனும் அடிமை. ஒன்றையொன்று அறியாத இரண்டு நிலங்கள், சட்டம் ஒன்றே. "எங்களுக்கும் இதுக்கும் என்ன?" என்று கேட்ட மாணவனுக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

தாய் இரவில் மட்டும் வந்துபோன செய்தியைப் பெருந்துன்பமாகக் கண்ட மாணவி, இந்த விதியை அறியாமலே அதன் உட்பொருளைத் தொட்டுவிட்டாள் என்றே கருதுகிறேன். பிள்ளை எவருடையது என்பதைத் தாய் வழியே தீர்மானிக்கும் சட்டம், அந்தத் தாய்க்குப் பிள்ளைமீது எந்த உரிமையையும் கொடுப்பதில்லை. தாய்மையைக் கணக்குப் பதிவதற்கு மட்டும் அது பயன்படுத்திக்கொள்கின்றது.

மனிதர் வெளியிலிருந்தும் கொண்டுவரப்பட்டனர். சோழமண்டலக் கரையில் பஞ்சம் நிலவிய 1694, 1695, 1696 ஆண்டுகளில், 3,500க்கு மேற்பட்டோர் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டதை ஒல்லாந்தத் தளபதி சுவாடகுறூன் 1697இல் எழுதிய நினைவுக்குறிப்பு காட்டுகின்றது. ஒவ்வொரு தலைக்கும் வரி அறவிடப்பட்டமையாலேயே அத்தொகை எழுதப்பட்டது. அவர்களும் தமிழ் பேசியவர்கள். வாங்கியவர்களுக்கு விளங்கும் மொழியிலேயே அழுதிருப்பார்கள்.

சட்டம் அடுக்கிய படிகள்

பிரித்தானியர் வந்ததும் இது ஒழிந்தது என்று பொதுவாகக் கூறப்படுகின்றது. ஆனால் அவர்கள் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் தேசவழமைக்கு முழு வலுக் கொடுத்தனர். அதிலிருந்த அடிமைப் பகுதிக்கும் அவ்வலு கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1807இல், பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்து உலகின் பாராட்டைப் பெற்றது. 1833இல் பேரரசு எங்கும் அடிமைத்தளையை அகற்றுவதாகச் சட்டம் இயற்றியபோதும், கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப்பகுதிகளோடு இலங்கையும் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது.

இங்கே விடுதலை படிப்படியாக வந்தது. பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், 1816 ஆகஸ்ற் 12ஆம் திகதிக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளை விடுவிக்க உடைமையாளர் பலர் இசைந்தனர். 1818இன் ஒழுங்குவிதி அடிமைகளைப் பதிவுசெய்யும்படி கட்டளையிட்டது. ஓர் அடிமைமீது பலர் கூட்டாக உரிமை கொண்டிருக்கும் வழக்கத்தை நீக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. பங்குக் காணி என்றால் எமக்குத் தெரியும். ஒரு மனிதரை அண்ணனும் தம்பியும் மைத்துனனும் பங்காக வைத்திருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். 1821இன் ஒழுங்குவிதிப்படி, பெண் குழந்தை பிறந்ததும் அரசாங்கம் உடைமையாளருக்கு ஒரு சிறு தொகையைக் கொடுத்து அக்குழந்தையை விடுவித்தது. பெண் குழந்தையை மட்டும் ஏன்? அடிமைத்தனம் தாய் வழியே இறங்குவதால், பெண்களை விடுவித்தால் அடுத்த தலைமுறையோடு அது தானே வற்றிவிடும் என்பதே கணக்கு. சட்டத்தின் கொடிய விதியே அதனை ஒழிக்கும் வழியாயிற்று. ஆனால் ஏற்கெனவே பிறந்திருந்த ஆணும் பெண்ணும் 1844 வரை காத்திருந்தனர்.

பதிவேட்டில் இன்னொரு விந்தை உண்டு. குறித்த காலத்துள் பதியத் தவறினால் அடிமை விடுதலையடைவார் என்பது விதி. நூற்றாண்டுகளாக எழுதப்பட்டதனாலேயே கட்டுண்டு கிடந்தவர்களில் சிலர், எழுதாமல் விடப்பட்டதனால் விடுபட்டிருப்பர்.

துண்டு

மூன்றாவது ஆவணம் ஒரு சிறு கடதாசி. அதற்குத் துண்டு என்றே பெயர். அடிமை முறை ஒழிந்த அதே காலத்தில் மலையகத்தில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கென வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மெதவச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்றனர். எமது வன்னிக் காடுகளின் ஓரமாகவே அவர்களுடைய வழி அமைந்தது. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1914இலேதான்.

அவர்கள் சட்டப்படி அடிமைகளல்லர், கூலி பெற்றனர், எவரும் அவர்களைச் சந்தையில் விற்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் கங்காணியிடம் வாங்கிய முற்பணம் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், இத்தனை பேர் இத்தனை ரூபா கடனில் இருக்கின்றனர், அதனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனும் அவர்களோடு கூடவே போகும். இம்முறை 1921இலேயே சட்டத்தினால் நீக்கப்பட்டது. ஆளோலையைப் போலவே துண்டிலும் தொழிலாளியின் பெயரும் தொகையும் இருந்தன. அவருடைய சொல் இருக்கவில்லை.

1958, 1977 ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் வந்து குடியேறின. முன்னோர் நடந்துபோன நிலத்துக்கே பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தனர் எனலாம். இன்று எமது வகுப்பறைகளில் யாழ்ப்பாணத்து வேருடைய பிள்ளையும் வன்னியின் பழங்குடிப் பிள்ளையும் மலையக வழிவந்த பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். ஓலை எழுதியவரின் வழிவந்தவரும் ஓலையில் எழுதப்பட்டவரின் வழிவந்தவரும் அங்கே இருக்கக்கூடும். டக்ளஸை அந்த வகுப்பில் வாசிப்பது வெறும் பிறநாட்டு இலக்கியப் பயிற்சியாக இருக்க முடியாது.

எழுத்தைத் திருடியவர்

இனி, எழுத்தறிந்த கதைக்கு வருவோம். போல்ரிமோர் நகரில் எசமானி சோபியா ஓல்ட் சிறுவன் டக்ளஸுக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். கணவன் தடுத்தான், படிப்பு அடிமையைக் கெடுத்துவிடும், பின்னர் அவனை வைத்திருக்க முடியாது என்றான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுவனுக்கு, விடுதலைக்கான வழி எது என்பது அந்த மனிதனின் வாயாலேயே தெரிந்துவிட்டது. கப்பல் கட்டும் தளத்தில் எந்தப் பலகை எந்தப் பக்கத்துக்கு உரியது என்று தச்சர் மரத்தில் எழுதிவைத்த எழுத்துகளைப் பார்த்துப் பழகினார். பசித்த வெள்ளைச் சிறுவருக்குப் பாண் கொடுத்துப் பாடம் கேட்டார். எசமானரின் மகன் எழுதி முடித்த பழைய கொப்பிகளில் வெற்றிடங்களைத் தேடி எழுதிப் பழகினார்.

எங்கள் பக்கத்தில் ஏன் அப்படி ஒரு நூல் எழவில்லை என்பதற்கு விடை இங்கேயே உண்டு. எழுத்தாணி எவர் கையில் இருந்தது? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எவர் அமர்ந்தனர்? 1844இல் சட்டம் போயிற்று. ஆனால் கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் திறக்கவில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் அமரவேண்டும் என்ற ஏற்பாடு யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அடிமை ஒழிப்புக்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் வாங்கில் இருப்பதற்கே போராட வேண்டியிருந்ததென்றால், நூல் எழுதுவது எங்ஙனம்? சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலே வந்தது. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இலே.

ஆகவே மாணவியின் வினாவுக்கு முழு விடை இதுதான்: அடிமையாக இருந்தவர் எழுதவில்லை, ஒடுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் எழுதினர். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972இல் வந்தது. சவரச்சாலையைத் தன் பல்கலைக்கழகமாகக் கொண்ட டொமினிக் ஜீவா சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1999இல் 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்று தன் வரலாற்றுக்குப் பெயரிட்டார். தமிழ்நாட்டில் பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டினார். அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கின்றனர் என எண்ணுவது பெரும் பிழை, துன்பம் மிகும்போதே அவர்கள் மிகுதியாகப் பாடுவர் என்கிறார் டக்ளஸ். எமது அருவி வெட்டுப் பாடலையும் ஒப்பாரியையும் அந்தக் காதோடு மறுபடி கேட்டுப் பார்க்கவேண்டும்.

ஆவணங்களுக்குள்ளேயும் குரல்கள் மறைந்துள்ளன. பேராசிரியை நிரா விக்கிரமசிங்க 2020இல் வெளியிட்ட ஆங்கில நூல், இலங்கையின் அடிமைகளை நீதிமன்றப் பதிவுகளிலும் விண்ணப்பங்களிலும் தேடிச் செல்கின்றது. ஆ. சிவசுப்பிரமணியன் 'தமிழகத்தில் அடிமைமுறை' என்ற நூலில் தமிழகத்து ஆவணங்களை ஆராய்ந்துள்ளார். ஒரு வழக்கேட்டில் வாக்குமூலமாகப் பதிந்த இரண்டு வரியும், எழுதத் தெரியாதவர் இட்ட புள்ளடியும், அடிமையின் தன்வரலாற்றில் எஞ்சிய பக்கங்களே.

இத்தகைய நூல்களை மாணவருக்குக் கொடுக்கலாமா என்று சில பெற்றோர் தயங்குகின்றனர். 2009இல் எல்லாம் இழந்து, முகாமிலிருந்து மீண்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். இன்னும் துன்பக் கதை எதற்கு என்கின்றனர். அத்தயக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் டக்ளஸ் தன் துன்பத்தைச் சொல்லும் முறையைக் கவனியுங்கள். ஊரின் பெயர், ஆளின் பெயர், தூரம், வேலை, உணவின் அளவு ஆகியவற்றை நிதானமாக எழுதுகிறார். தெரியாததைத் தெரியாது என்கிறார். தன் பிறந்த நாளைத் தான் அறியேன் என்பதிலிருந்தே நூலைத் தொடங்குகிறார். துன்பத்தைச் சாட்சியமாக்கும் உரைநடை இது. தம் வீட்டுக் கதையை என்றாவது எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. வாசிக்க முடியவில்லை என்று நிறுத்தும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

நிறைவாக நேயர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். பழைய பெட்டகங்களில் சீதன ஓலையோ உறுதியோ தோம்புப் பிரதியோ இருந்து, அதில் மனிதரின் பெயர் மாட்டோடும் காணியோடும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால், வெட்கம் கருதி அதனை எரித்துவிடாதீர்கள். எழுதியவரின் வழிவந்தோருக்கு அது சங்கடம் தரலாம். எழுதப்பட்டவர் இவ்வுலகில் இருந்தார் என்பதற்கு அந்தப் பெயரைத் தவிர வேறு சான்று இல்லாதிருக்கலாம். அடுத்தது, வீட்டிலுள்ள அம்மம்மாவையும் அப்பப்பாவையும் பிள்ளைகள் கேட்கட்டும். எந்த ஊர், எவருடைய வயல், எந்த வழியாக நடந்து வந்தீர்கள், என்ன பாடினீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே, நாளும் இடமும் குறித்து, ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைக்கட்டும்.